கண்டி மலைச்சாலையும் ஈரடிப்பு எஞ்சினும்

கண்டி நகருக்கு ஏறாமல் செல்லும் வழி கிடையாது. கொழும்பிலிருந்து வருவோர் கடுகண்ணாவைக் கணவாயைக் கடக்க வேண்டும். குருணாகலிலிருந்து வருவோருக்குக் கலகெதரை ஏற்றம். மாத்தளையிலிருந்து வருவோருக்குப் பலகடுவை ஏற்றம். மகியங்கனையிலிருந்து புறப்படுவோரை வரவேற்பது பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைப்பாதை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் குன்றுகள் சூழ, ஒரு கிண்ணத்தின் அடியில் அமைந்தாற்போன்று அமைந்தது அந்நகரம். பகைவரின் படைகளைப் பல தலைமுறைகளாகத் தடுத்து நிறுத்திய அந்த ஏற்றங்களே, பிற்காலத்தில் அங்கு வந்த ஒவ்வொரு வாகனத்துக்கும் தேர்வுக் களமாயின. சமநிலத்தில் மறைந்து கிடக்கும் பழுது மலைச்சாலையில் வெளிப்பட்டே தீரும். ஆகவே, கண்டியின் போக்குவரத்து வரலாறு ஒருவகையில் பழுதுகளின் வரலாறும் ஆகும். அவ்வரலாற்றில் தனி இடம் பெறுவது ஒரு சிறிய எஞ்சின். ஈரடிப்பு எஞ்சின் என்று நூல்களும், டூ ஸ்ட்ரோக் என்று கராஜ்களும் அதனைக் குறிக்கும்.

அந்த எஞ்சின் வருவதற்கு முன்னர் இருந்த நிலையைச் சிறிது நோக்குவோம். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. மலைநாட்டைக் கட்டியாளச் சாலையே முதற் கருவி என்று உணர்ந்த ஆளுநர் எட்வேர்ட் பாண்ஸ், 1820களில் கொழும்பு – கண்டிச் சாலையை அமைப்பித்தார். அவ்வேலையில் ஈடுபட்ட பொறியியற் படைப்பிரிவின் கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. 1832இல் தபால் கோச்சு வண்டி அச்சாலையில் ஓடத் தொடங்கியது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கோப்பி மூட்டைகளை ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசை வரிசையாக இறங்கின. அக்காலத்தில் ‘பழுது’ என்றால் அச்சு முறிதல், சக்கரம் கழலுதல், மாடு களைத்துப் படுத்தல் ஆகியனவே. காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. பரிகாரமும் கைக்கு எட்டியது.

1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. இறம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரையிலான பகுதியில் ஒவ்வொரு 45 அடிக்கும் ஓர் அடி வீதம் பாதை உயர்கின்றது. முன்னே ஒரு நீராவி எஞ்சின் இழுக்க, பின்னே மற்றொன்று தள்ள, வண்டிகள் அந்த ஏற்றத்தைக் கடந்தன. நீராவி எஞ்சினின் பழுதும் பெரும்பாலும் வெளியிலேயே தெரியும். கொதிகலத்தில் நீர் குறைந்தால் கண்ணாடிக் குழாய் காட்டும். அழுத்தம் குறைந்தால் முள் காட்டும். குழாய் கசிந்தால் ஆவி காட்டும். ஆனால் எரிபொருளை உள்ளேயே எரிக்கும் எஞ்சின் வந்தபோது நிலைமை மாறியது. எரிதல் இரும்புச் சுவருக்குள் மறைந்தது. ‘ஏன் நின்றது?’ என்ற கேள்விக்கு விடை காண, வெளியிலுள்ள அறிகுறிகளைக் கொண்டு உள்ளே நிகழ்வதை ஊகிக்க வேண்டியதாயிற்று. வைத்தியன் நாடி பார்ப்பதற்கு ஒப்பான ஒரு கலை அங்கே பிறந்தது.

ஈரடிப்பு எஞ்சினின் பிறப்பு பிரித்தானியாவைச் சேர்ந்தது. ஸ்கொத்லாந்துப் பொறியியலாளரான டூகல்ட் கிளார்க் 1881இல் தமது ஈரடிப்பு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். புதிய கலவையை உருளைக்குள் செலுத்துவதற்கென அவர் தனியே ஒரு பம்பு உருளையை வைத்திருந்தார். பத்தாண்டுகளின் பின் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த யோசப் டே என்பவர் அந்தப் பம்பையே அகற்றிவிட்டார். பிஸ்டனுக்குக் கீழே, சுழலச்சு இருக்கும் அறையைக் காற்றுப்புகாதவாறு மூடிவிட்டால், பிஸ்டனின் அடிப்பக்கமே பம்பாக வேலை செய்யும் அன்றோ? அவரிடம் பணியாற்றிய பிரெடரிக் கொக், பிஸ்டனின் ஓரமே துவாரங்களைத் திறந்து மூடுமாறு அமைத்து, வால்வு என்ற உறுப்பே இல்லாத எஞ்சினை உருவாக்க வழி செய்தார். பிஸ்டன், இணைப்புத் தண்டு, சுழலச்சு என மூன்றே முக்கிய அசையும் உறுப்புகள். இதைவிட எளிய எஞ்சினை எண்ணிப் பார்ப்பதும் கடினம்.

அது தொழிற்படும் விதத்தைச் சுருக்கமாகக் கூறலாம். பிஸ்டன் மேலே செல்லும்போது, மேற்புறத்தில் கலவை அழுத்தப்படுகின்றது. அதே வேளையில் கீழ் அறையில் வெற்றிடம் உண்டாகி, காபரேற்றரிலிருந்து புதிய கலவை உள்ளே இழுக்கப்படுகின்றது. பிளக்கின் பொறி பாய்ந்ததும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. பிஸ்டன் இறங்கி முடியும் தறுவாயில் முதலில் புகைத் துவாரம் திறக்கும். அடுத்த கணத்தில் மாற்றுத் துவாரம் திறக்க, கீழே அமுங்கிக் கிடந்த புதிய கலவை மேலே பாய்ந்து, எரிந்த புகையை வெளியே விரட்டும். மேல் ஒன்று, கீழ் ஒன்று, இரண்டே அடிப்பில் ஒரு சுற்று முடிகின்றது. நாலடிப்பு எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை பெறும் வலுவை, இது ஒவ்வொரு சுழற்சியிலும் பெறுகின்றது. ஆயின், கலவை செல்லும் பாதையாகவே கீழ் அறை பயன்படுவதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. எனவே, மசகு எண்ணெயைப் பெற்றோலுடனேயே கலந்துவிடுகின்றனர். 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு என்றோ, பழைய எஞ்சின்களில் 20 பங்குக்கு ஒன்று என்றோ அக்கலப்பு அமையும். இந்த எண்ணெய் எஞ்சினைக் காக்கின்றது. பின்னர் தானும் எரிந்து நீலப் புகையாக வெளியேறுகின்றது. அவ்வெஞ்சினின் சிறப்பு, குறை ஆகிய இரண்டும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கியுள்ளன.

மலிவும் எளிமையும் விரும்பிய உலகம் இதனை ஏற்றுக்கொண்டது. 1908இல் யோக்சயரின் அல்பிரட் ஸ்கொட் ஈரடிப்பு மோட்டார் சைக்கிள்களைச் செய்யத் தொடங்கினார். 1920களில் ஜெர்மனியின் அடொல்ப் ஷ்னூர்லே, புதிய கலவை உருளைக்குள் வளைந்து சென்று புகையைத் துப்புரவாக வெளியேற்றும் முறையை வகுத்தார். இரண்டாம் உலகப் போரின் பின், டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் 125 சி.சி. மோட்டார் சைக்கிளைப் பின்பற்றி 1948இல் இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பாண்டமும், 1955இல் யப்பானில் யமஹாவின் முதல் வண்டியும் தோன்றின. போரில் நொறுங்கிய இத்தாலியில், விமானப் பொறியியலாளரான கொரடினோ தஸ்கானியோ வரைந்த வெஸ்பா 1946இல் வெளிவந்தது. வெஸ்பா என்றால் குளவி. அடுத்த ஈராண்டில் அதன் பின்புறத்தில் இரண்டு சக்கரங்களைப் பூட்டிச் சுமைவண்டி ஆக்கினர். அதற்கு ஆப்பே, அதாவது தேனீ, என்று பெயரிட்டனர். ஆசியாவின் முச்சக்கரவண்டிக்கு முன்னோடி அந்தத் தேனீயே. இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் 1959இல் அரசின் அனுமதி பெற்று, பியாஜியோவின் உரிமத்துடன் இருசக்கர, முச்சக்கர வண்டிகளை உற்பத்தி செய்யலாயிற்று.

இலங்கையில் 1970 தொடக்கம் 1977 வரையிலான காலம் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். புதிய வாகனம் அரிது. உதிரிப்பாகமோ அதனினும் அரிது. பிஸ்டன் வளையம் தேய்ந்தால் மாற்று வளையம் கிடைக்கும் வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அல்லது கடைசல் இயந்திரத்தில் கடைந்தெடுத்த ஏதோ ஒரு பாகத்தோடு ஓடும். உள்ளதைக் கொண்டு ஓடச் செய்யும் திறமை அந்த வறுமையின் விளைவாக வளர்ந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் முச்சக்கரவண்டிகள் நாட்டுக்குள் வரத் தொடங்கின. நாளடைவில் கண்டியின் ஒவ்வொரு சந்தியிலும் அவை வரிசையாக நின்றன. 145 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றை உருளை. காற்றாடி கொண்டு குளிர்விக்கும் அமைப்பு. சாரதி இருக்கையிலிருந்தே கையால் இழுத்து இயக்கும் நெம்பு. விலையோ மோட்டார் காரின் விலையில் ஒரு சிறு பகுதி.

அவ்வண்டியின் வருகையால் மிகுந்த பயன் பெற்றோர் நகரத்தார் மட்டுமல்லர். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, பன்வில முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், பஸ் செல்லும் பெருஞ்சாலைக்கும் லயன் வரிசைக்கும் இடையே கல்லும் குழியுமான தோட்டப் பாதைகள் உள்ளன. இரவு வேளையில் பிரசவ வலி கண்ட பெண்ணையும், காய்ச்சலில் துவளும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அப்பாதையில் ஏறி வரக்கூடிய வண்டி எதுவோ அதுவே அங்கு ஊர்தி. ஆகவே, ஏற்றத்தின் நடுவே எஞ்சின் நின்றுபோதல் என்பது அங்கே வெறும் தொல்லை அன்று. சாரதிக்கு அது அன்றைய கூலி. உள்ளே இருப்பவருக்குச் சில வேளை உயிர்.

எஞ்சின் முற்றாகவே இயங்க மறுப்பது ஒருவகைப் பழுது. இயங்கிச் சிறிது நேரத்தில் நின்றுவிடுவது மற்றொரு வகை. கைதேர்ந்த மெக்கானிக்குகள் இரண்டாவதையே எளிதாகக் கருதுவர். ஏனெனில், சிறிது நேரமேனும் ஓடிய எஞ்சின், தனக்குத் தேவையான காற்று, பெற்றோல், பொறி, அழுத்தம் ஆகிய நான்கும் தன்னிடம் உண்டு என்பதை மெய்ப்பித்துவிட்டது. அவற்றுள் எது இடையில் தீர்ந்துபோகின்றது என்பதே வினா. அது எவ்வளவு நேரம் ஓடியது, எந்நிலையில் நின்றது என்பவற்றிலேயே விடையின் பாதி இருக்கின்றது.

ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடி நின்றால், காபரேற்றரின் சிறு கிண்ணத்தில் தேங்கிய பெற்றோல் தீர்ந்தது. புதியது வந்து சேரவில்லை என்று பொருள். தாங்கியின் திருகு, வடிகட்டி, மிதவையின் ஊசி ஆகியவற்றில் தடை இருக்கும். மழைக்காலத்தில் தாங்கியில் நீர் சேர்ந்திருப்பதும் உண்டு. பெற்றோலைவிட நீர் கனமானதாதலால் அடியிற் படிந்து, முதலில் காபரேற்றருக்குள் புகுவதும் அதுவே.

சில கிலோமீற்றர் நன்றாக ஓடி, பின் நின்று, சற்று ஆறியதும் மீண்டும் ஓடும் வண்டி பலரை ஏமாற்றும். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, தாங்கி மூடியிலுள்ள நுண்ணிய காற்றுத் துளை தூசியால் அடைபட்டிருத்தல். பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியின்றி வெற்றிடம் உண்டாகிறது, ஓட்டம் தடைப்படுகிறது. நின்ற சிறிது நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து புகுவதால் வண்டி மறுபடி ஓடுகின்றது. மற்றொன்று, பொறியை உண்டாக்கும் கம்பிச் சுருளோ கொண்டென்சரோ சூடானதும் செயலிழத்தல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியச் செலவேதும் இல்லை. நின்ற அதே கணத்தில் தாங்கி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். காற்று உள்ளே இரையும் ஒலி கேட்டு எஞ்சினும் உடனே இயங்கினால், பழுது ஒரு குண்டூசியால் தீரும். இல்லையெனில், பிளக்கைக் கழற்றிப் பொறி பாய்கின்றதா என்று காண வேண்டும். இந்த எளிய சோதனையைச் செய்யாது காபரேற்றரைக் கழற்றியோர் வீணாகச் செலவிட்ட பொழுதும் பணமும் கொஞ்சமல்ல.

பிளக் ஒரு சாட்சி. அதன் முனை கரி படிந்து எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால், கலவையில் பெற்றோலோ எண்ணெயோ மிகுதி. வெளுத்துக் காய்ந்திருந்தால் காற்று மிகுதி, பிஸ்டனுக்கு ஆபத்து. பால் தேநீரின் நிறத்தில் இருந்தால் எல்லாம் ஒழுங்கு. தேயிலை நாட்டில் அந்த நிறத்தை அறியாதார் யார்?

ஆக்சிலேற்றரைத் திருகாமலே எஞ்சின் தானே வேகம் எடுத்து, பின் விக்கி நின்றால் ஐயம் காற்றுக் கசிவின் மேல் விழும். கீழ் அறை பம்பாகவும் பயன்படுவதால், சுழலச்சின் இரு பக்கங்களிலுமுள்ள றப்பர் முத்திரைகள் தேய்ந்தாலும் எஞ்சின் நோயுறும். நாலடிப்பு எஞ்சினில் அத்தகைய முத்திரை பழுதுபட்டால் வெளியே எண்ணெய் சொட்டும், அவ்வளவே. ஈரடிப்பிலோ அது மூச்சுக் குழாயில் ஓட்டை விழுந்ததற்குச் சமம். கியர்ப் பெட்டிப் பக்கத்து முத்திரை பழுதானால், அங்குள்ள எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு, வண்டியின் பின்னே வெண்புகைத் திரை எழும்.

இறுதியாக, சமநிலத்தில் ஓடி ஏற்றத்தில் மட்டும் திணறி நிற்கும் வண்டி. முதன்மை ஜெற்றில் அடைப்பு இல்லையெனில், புகைத் துவாரத்தையும் சைலன்சரையும் பார்க்க வேண்டும். எரிந்த எண்ணெயின் கரி ஆண்டுக்கணக்கில் அங்கே கெட்டியாகப் படிகின்றது. புகை வெளியேற இடமில்லாதபோது புதிய கலவை நுழையவும் இடமில்லை. மூச்சை வெளிவிட முடியாதவன் மூச்சை உள்ளிழுப்பது எங்ஙனம்? கரியைச் சுரண்டி எடுத்து, சைலன்சரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவினால், சாகக் கிடந்த எஞ்சின் புத்துயிர் பெறும்.

இப்பழுதுகள் எவ்வூரிலும் உள்ளவை. மலைநாட்டுக்கே உரியவை என்று இரண்டைக் குறிப்பிட வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. கண்டியில் இக்குறைவு சிறிதே. ஆனால் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்களவு குறைவு. கொழும்பில் சரியாக அமைத்த காபரேற்றர் அங்கே அளவுக்கு மிஞ்சிய பெற்றோலைத் தரும், பிளக் கரியால் மூடப்படும், எஞ்சின் விக்கும். இது ஏற்றத்தின் பழுது. இறக்கத்தின் பழுது அதனினும் கொடியது. கடுகண்ணாவையில் இறங்கும் சாரதி ஆக்சிலேற்றரை மூடிவிட்டு, கியரின் தடுப்பை நம்பி நெடுந்தூரம் செல்கின்றார் என்று கொள்வோம். சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்றுகின்றன. ஆனால் பெற்றோல் மிகச் சிறிதளவே செல்கின்றது. பெற்றோலோடுதானே எண்ணெய் செல்ல வேண்டும்? சூடான பிஸ்டன் எண்ணெயின்றி உருளையில் பற்றிக்கொள்கின்றது. ‘எஞ்சின் பிடித்துக்கொண்டது’ என்று கராஜில் கூறுவது இதனையே. இறக்கத்தில் இடையிடையே ஆக்சிலேற்றரைச் சற்றுத் திறந்து எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும் என்ற பழக்கம் இக்காரணத்தால் ஏற்பட்டதே.

இவற்றையெல்லாம் கேட்போர், ஈரடிப்பு என்ற முறையே குறையுடையது என்ற முடிவுக்கு வரக்கூடும். அதே கடுகண்ணாவை ஏற்றம் அம்முடிவை மறுக்கின்றது. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் இலங்கைப் புகையிரதப் பாதைகளில் ஓடலாயின. எம் 2 வகுப்பு என்று பெயர்பெற்ற அவற்றுக்கு ஒன்றாரியோ, அல்பேர்ட்டா எனக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் செய்த அந்த 12 உருளை எஞ்சின் 1,425 குதிரைவலு கொண்டது. மலையேறும் வண்டிகளைப் பல்லாண்டு காலம் இழுத்த அவ்வெஞ்சினும் ஈரடிப்பு எஞ்சினே என்பதைப் பலரும் அறியார். 2004 டிசம்பர் 26ஆம் நாள், பெரலியவில் ஆழிப்பேரலை கவிழ்த்த புகையிரதத்தை இழுத்து வந்தது அவ்வகுப்பைச் சேர்ந்த 591ஆம் இலக்க மனிற்றோபா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்த இடத்திலிருந்து மீட்கப்பட்ட எஞ்சின், பழுதுபார்க்கப்பட்டு 2008இல் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

ஓட்டோவின் எஞ்சினுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை யாது? புகையிரத எஞ்சினில் கீழ் அறை பம்பாகப் பயன்படுவதில்லை. தனியாக ஓர் ஊதுபொறி காற்றைச் செலுத்துகின்றது. கிளார்க் வைத்திருந்து, டே அகற்றிய அந்தத் தனிப் பம்பு வேறோர் உருவில் மீண்டும் வந்துவிட்டது எனலாம். எனவே எண்ணெய் தன் அறையிலேயே தங்கி, தன் வழியே ஓடுகின்றது, எரிபொருளோடு கலப்பதில்லை. புகையை விரட்டச் செல்வதும் வெறுங்காற்றே. அது வெளியே போன பின்னரே டீசல் உள்ளே தெளிக்கப்படுகின்றது. ஆகவே எரியாத எரிபொருள் புகையோடு வீணாவதற்கு இடமில்லை. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெருங் கப்பல்களின் எஞ்சின்களும் இவ்வகையினவே. குறை ஈரடிப்பில் இல்லை. மலிவுக்காக, ஒரே அறையைப் பம்பாகவும், ஒரே திரவத்தை எரிபொருளாகவும் மசகாகவும் ஆக்கியதில்தான் குறை இருந்தது.

அந்தக் குறை கண்டியில் நகரத்தின் காற்றாக வெளிப்பட்டது. சிறிய ஈரடிப்பு எஞ்சினில் புதிய கலவை நுழையும் நேரத்தில் புகைத் துவாரமும் திறந்தே இருக்கின்றது. எனவே நூற்றுக்கு 15 முதல் 40 பங்கு வரையான கலவை எரியாமலே வெளியேறக்கூடும் என்று பொறியியலாளர் கணித்துள்ளனர். சாரதி காசு கொடுத்து வாங்கிய பெற்றோலில் ஒரு பகுதி தெருவிலேயே கொட்டப்படுகின்றது என்பது இதன் பொருள். கடற்கரை நகரில் அப்புகையைக் காற்று அள்ளிச் செல்லும். மலைகள் சூழ்ந்த கண்டியிலோ, குளிர்ந்த காலை வேளைகளில் காற்று அசையாது தேங்குகின்றது. குறுகிய தெருக்களில் பாடசாலை, அலுவலகம், தலதா மாளிகை ஆகியவற்றை நோக்கி எல்லா வாகனங்களும் ஒரே நேரத்தில் வருகின்றன. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டியின் காற்றைப் பல முறை அளந்து, வாகனப் புகையால் ஏற்படும் கேட்டை எடுத்துரைத்தனர். நாள் முழுதும் வரிசையில் நின்று அதைச் சுவாசித்தவர்களில் முதல்வர் முச்சக்கரவண்டிச் சாரதிகளே.

ஆசிய நகரங்கள் பலவும் இதே சிக்கலை எதிர்நோக்கின. டில்லியில் 1998இல் இந்திய உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து ஓட்டோக்கள் இயற்கை வாயுவுக்கு மாறின. வங்காள தேசத்தின் தலைநகரான டாக்காவில் 2003இன் தொடக்கத்திற்குள் ஈரடிப்பு முச்சக்கரவண்டிகள் அகற்றப்பட்டன. இலங்கை வேறு வழியைத் தேர்ந்தது. 2007 – 2008 காலத்தில் ஈரடிப்பு முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதியவை நாலடிப்பாகவே வந்தன. ஏற்கனவே ஓடியவை தெருவிலிருந்து பறிக்கப்படவில்லை. ஒரே நாளில் அகற்றியிருப்பின், நகரின் காற்று விரைவில் தெளிந்திருக்கும்; கடன் வாங்கி வண்டி எடுத்த எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்கும். மெல்லக் குறையவிட்டதால் பிழைப்பு காக்கப்பட்டது. அதற்கான விலையை மேலும் பல ஆண்டுகள் நகரத்தாரின் நுரையீரல்கள் செலுத்தின. இரண்டில் எது நியாயம் என்பது, தெருவில் நிற்பவரையும் வீட்டில் இருமும் குழந்தையையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போர் தீர்மானிக்க வேண்டியது.

நாலடிப்பு வண்டி வந்தபின் பழுதுபார்க்கும் கலையும் மாறியது. வால்வு, கமச்சு, எண்ணெய்ப் பம்பு என உறுப்புகள் பெருகின. சாலையோரத்தில் ஒரு பிளக் சாவியும் திருப்புளியும் கொண்டு தீர்த்த பழுதுகள் சில, கராஜுக்குச் சென்றே தீரவேண்டியனவாயின. புகை குறைந்தது, சாரதியின் தன்னாட்சியும் சற்றுக் குறைந்தது எனலாம். 2022இல் நாடு எரிபொருள் தட்டுப்பாட்டில் சிக்கியபோது முச்சக்கரவண்டிக்கு முதலில் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலே பங்கிடப்பட்டது. அன்று ஈரடிப்பும் நாலடிப்பும் ஒன்றாகவே வரிசையில் நின்றன. எஞ்சின் நின்றால் முதலில் தாங்கியில் பெற்றோல் உண்டா என்று பார் என்பது பயிலுநருக்குச் சொல்லப்படும் முதற் பாடம். அவ்வாண்டில் முழு நாடும் அந்தப் பாடத்தைப் படித்தது.

1867இல் புகையிரதம் ஏறிய அதே கடுகண்ணாவையில், 2014இல் புகையிரத அரும்பொருட்காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்கள் அங்கே துடைத்து மினுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஓட்டோவின் சிறிய ஈரடிப்பு எஞ்சினுக்கு அவ்வாறு ஒரு மண்டபம் இல்லை. ஆயினும் மலைச்சாலைகளில் அது விட்டுச்சென்ற அறிவு ஒன்று உண்டு. நின்றுபோன எஞ்சினைக் கண்டதும் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் கழற்றுவது அறிவன்று. எப்போது நின்றது, எப்படி நின்றது என்று முதலில் கேட்டு, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்ப்பதே அறிவு. ஓடாத எஞ்சினின் பழுதை இம்முறையால் சாரதிகளும் மெக்கானிக்குகளும் தாமே கண்டு தீர்த்தனர். ஓடும் எஞ்சினின் புகையில் இருந்த பழுதையோ தனியொரு சாரதியால் தீர்க்க இயலவில்லை. அதற்கு ஆய்வாளரும் சட்டமும் காலமும் சேர்ந்து வரவேண்டியிருந்தது.